கண்மாய்த் தரையில் விமானம்

ரேடியோ அலைகளைக் கொண்டு தரையில் நின்றபடியே இயக்கத்தக்க மாதிரி விமானம் ஒன்றைப் பெட்டியாக விலைக்கு வாங்குகிறவர்களுக்கு, அப்பெட்டியின் அடியில் மடித்து வைக்கப்பட்டிருக்கும் செயல்முறைத் தாளானது, இறக்கையை எவ்வாறு பொருத்துவது, பேட்டரியை எங்கே வைப்பது, திருகாணிகளை எந்த அளவுக்கு முறுக்குவது என்பன போன்ற விஷயங்களையெல்லாம் படம் போட்டு விளக்கிவிடுகிறது. ஆனால் அதை எழுதியவரின் மனக்கண்ணில் இருந்த மைதானம் பசும்புல் விரித்த சமதளம் என்பதையும், அவர் அறிந்த காற்று குளிர்ந்து அடர்ந்த காற்று என்பதையும் அந்தத் தாள் ஓரிடத்திலும் சொல்வதில்லை. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், காரியாபட்டியைத் தாண்டி, சீமைக்கருவேலம் மண்டிய கரிசல் பிரதேசத்திலே, நீர் வற்றிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் ஒரு கண்மாயின் உட்பரப்பில் அதே விமானத்தைக் கொண்டுபோய் வைக்கும்போது, தாளில் கண்ட எண்கள் பலவற்றை நாமே திருத்தி எழுதிக்கொள்ளும் அவசியம் ஏற்படுகிறது.

முதலாவதாகத் திருத்த வேண்டியது காற்றைப் பற்றிய கணக்கு. விமான சாஸ்திரத்தில் அளவுகோலாகக் கொள்ளப்படும் திட்ட வளிமண்டலம், கடல்மட்டத்தில் 15 டிகிரி செல்சியஸ் உஷ்ணமும், கன மீட்டருக்கு 1.225 கிலோகிராம் அடர்த்தியும் உடையது. சித்திரை, வைகாசியில் இப்பகுதிக்குச் சாதாரணமான 38 டிகிரி வெயிலில், அழுத்தம் மாறாதிருந்தாலும்கூட, அவ்வடர்த்தி 1.13 கிலோகிராம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஏழெட்டு சதவீதம்தானே என்று அலட்சியம் செய்வதற்கில்லை; இறக்கை தருகிற தூக்குவிசை, புரொப்பெல்லர் தருகிற இழுவிசை ஆகிய இரண்டுமே அடர்த்தியை நம்பி நிற்பவை ஆதலால், நஷ்டம் இரண்டு பக்கத்திலும் சேர்ந்தே வருகிறது. 1.2 கிலோகிராம் எடையும், 1.2 மீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட இறக்கையும் உடைய ஒரு பயிற்சி விமானம், குளிர்ந்த காற்றில் மணிக்கு ஏறத்தாழ 29 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் தன்னைத் தாங்கிக்கொள்ளுமானால், நம் வெயிலில் அந்த எல்லை 30ஐ ஒட்டி நிற்கும். கையால் வீசி ஏற்றுகிறவர் இன்னும் சற்று வலுவாக வீச வேண்டும். இறக்குகிறவர் இன்னும் சற்று வேகத்தோடு தரையைத் தொட வேண்டும். அழகுக்காக ஒட்டப்படும் ஸ்டிக்கரும், கூடுதல் வலிமைக்கென்று பூசப்படும் பசையும் சேர்க்கிற ஒவ்வொரு கிராமும் இங்கே இரட்டை வட்டி கேட்கும் என்பதை, விமானத்தைக் கட்டும் மேசையிலேயே நினைவில் கொள்வது நல்லது.

அடர்த்தி குறைந்த காற்று அமைதியாகவாவது இருக்குமா என்றால், அதுவும் இல்லை. காலை ஒன்பது மணிக்குமேல் கரிசல் மண் சூடேறத் தொடங்கியதும், அதன்மேல் படிந்த காற்று திட்டுத்திட்டாகப் பிரிந்து மேலெழும்புகிறது. அவ்வெழுச்சியில் அகப்பட்ட விமானம், விசையைக் குறைத்தபோதும் ஏறிக்கொண்டே போவதும், அதை விட்டு வெளியே வந்த மாத்திரத்தில் திடீரென்று பள்ளத்தில் இறங்குவதும், புதிதாகப் பழகுகிறவரைக் கதிகலங்கச் செய்யும். பருந்துகள் இறக்கையை அசைக்காமல் வட்டமிடும் இடம் எதுவோ, அதுவே அந்த எழுச்சியின் ஸ்தானம். அநுபவசாலிகள் விமானத்தைப் பெட்டியிலிருந்து எடுக்குமுன் பருந்துகளைத்தான் பார்க்கிறார்கள்.

காற்றின் திசையும் சூரியனின் திசையும் சேர்ந்து இப்பிரதேசத்தில் ஒரு விசித்திரமான பஞ்சாங்கத்தையே வகுத்துத் தருகின்றன. விமானம் எப்போதும் எதிர்காற்றை நோக்கியே ஏற வேண்டும். இயக்குகிறவரின் கண்ணில் வெயில் நேராகப் படவும் கூடாது. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கு மலைத் தொடரைக் கடந்து மேல்காற்று வீசுவதால், விடியற்காலையில் மேற்கு நோக்கி நின்று விமானத்தை ஏற்றுகிறவருக்குச் சூரியன் முதுகுப்புறம் அமைந்துவிடுகிறது. ஆயினும் வெயில் ஏறஏறக் காற்றும் பலம் பெறுவதால், மெதுவாகப் பறக்கும் விமானம் தன் வேகத்துக்கு ஈடான காற்றை எதிர்த்து நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருக்கும் வேடிக்கையையும் காணலாம். தை, மாசியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. அப்போது காலைச் சூரியன் ஏறக்குறைய முன்புறத்தில் நின்று கண்ணைக் கூசச் செய்யும் ஆகையால், மாலை வேளையே உத்தமம். வடகிழக்குப் பருவமழை ஏமாற்றாமல் பெய்த ஆண்டுகளில் கண்மாயில் தை வரை தண்ணீர் கிடக்கும் என்பது வேறு விஷயம். அந்த ஆண்டுகளில் விமானத்துக்கு இடமில்லை என்று யாரும் வருத்தப்படப் போவதுமில்லை.

தரையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கரிசல் வெடிப்புகளில் சிறு சக்கரங்கள் இறங்கிச் சிக்கிக்கொள்ளும். ஆகவே சக்கரங்களைக் கழற்றிவிட்டுக் கையால் வீசி ஏற்றி, வயிற்றால் தரையில் வழுக்கி இறக்குவதே இங்கே பொருத்தமான முறை. ஓரங்களில் உள்ள கருவேலங்காட்டுக்குள் விழுந்த விமானத்தை மீட்பதற்கு நீண்ட கை உடையும், தடித்த செருப்பும், பொறுமையும் வேண்டும். கண்மாய்க்குள் மேய்கிற ஆடுகள் மற்றொரு பொறுப்பு. ஆடு மேய்க்கிறவர் கம்பை ஊன்றி நின்று, “ஏப்பா தம்பி, இதுல போட்டா எடுப்பீகளா?” என்று கேட்பார், “இல்லண்ணே, சும்மா பறக்கவிடுறதுதான்” என்று சொன்னால், “அப்பக் கொஞ்சம் பொறுங்க, ஆட்டை அங்கிட்டு ஓட்டிட்டு வந்துர்றேன்” என்பார். அதுவரை பொறுப்பது மரியாதை மட்டுமல்ல. நிமிஷத்துக்குப் பல ஆயிரம் முறை சுழலும் புரொப்பெல்லருக்கு ஆட்டுத் தோலும் மனிதத் தோலும் ஒன்றே.

இனி, இந்த விமானத்துக்கு உயிர் கொடுக்கும் ரேடியோவைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் கலாமசூ நகரில், வால்டர் குட், வில்லியம் குட் என்னும் சகோதரர்கள் எட்டடி இறக்கையுடைய மாதிரி விமானம் ஒன்றை 1937ஆம் ஆண்டில் ரேடியோ கொண்டு இயக்கிக் காட்டினர். அவ்வகையில் முதல் வெற்றிகளுள் ஒன்றாக மதிக்கப்படும் அந்த விமானம் இன்று ஸ்மித்ஸோனியன் பொருட்காட்சியில் இருக்கிறது. அதன் பிறகு வெகுகாலம், 27 அல்லது 72 மெகாஹெர்ட்ஸ் போன்ற குறிப்பிட்ட ஓர் அலைவரிசையில் ஒவ்வொருவரும் தமக்கென்று ஒரு பாதையைப் பிடித்துக்கொண்டு, ஆளுயர ஆன்டெனாவை நீட்டியபடி நிற்க வேண்டியிருந்தது. அதே பாதையில் இன்னொருவர் தம் டிரான்ஸ்மிட்டரை முடுக்கினால் ஆகாயத்தில் இருக்கும் விமானம் தரைக்கு வந்து சேரும். இன்றைய கருவிகள் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸில் அலையின் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர் மட்டுமே ஆதலால், ரிசீவரின் ஆன்டெனா சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத மெல்லிய கம்பியாகச் சுருங்கிவிட்டது. நம் நாட்டில் இந்த அலைவரிசையைக் குறைந்த சக்தியில் உரிமமின்றிப் பயன்படுத்தும் அநுமதி 2005ஆம் ஆண்டில் அளிக்கப்பட்டது.

ஒரே அலைவரிசையில் பலர் மோதிக்கொள்ளாமல் இருப்பதற்கு இன்றைய கருவிகள் பெரும்பாலும் கையாளும் உபாயம், அனுப்புவதும் வாங்குவதுமாகிய இரண்டும் ஒரே ஒழுங்கில் பாதை விட்டுப் பாதை தாவுவது. இந்த யோசனைக்கு 1942இல் காப்புரிமை பெற்ற இருவருள் ஒருவர் ஹெடி லமார் என்னும் ஹாலிவுட் நடிகை. மற்றவர் ஜார்ஜ் ஆந்தைல் என்னும் சங்கீத வித்வான். பகைவர் குறுக்கிட முடியாதபடி டார்பிடோவை ரேடியோவால் இயக்குவதற்காக, பியானோவின் கட்டைகள் எத்தனையோ அத்தனை, அதாவது 88 பாதைகளில் தாவும் ஏற்பாட்டை அவர்கள் வகுத்தனர். சினிமாவுக்கும் இந்தக் கலைக்கும் என்ன பூர்வஜன்ம பந்தமோ தெரியவில்லை. இரண்டாம் உலக யுத்தத்தின்போது பீரங்கிப் பயிற்சிக்கு இலக்காக ஆயிரக்கணக்கான ரேடியோ விமானங்களைச் செய்து தந்த ரேடியோபிளேன் கம்பெனியைத் தொடங்கியவர் ரெஜினால்ட் டென்னி என்னும் நடிகர். அத்தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒரு பெண்ணைப் போட்டோ எடுக்கப் போய்த்தான் மர்லின் மன்றோ உலகத்துக்குக் கிடைத்தார். நம்மவர்களிலோ, மாதிரி விமானப் பிரியரான நடிகர் அஜித்குமார் ஆலோசகராக இருந்த குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் தக்ஷா மாணவர் குழு, 2018இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது.

சினிமாவை விட்டு மீண்டும் கண்மாய்க்கு வருவோம். பறக்குமுன் செய்யும் சோதனைகளில் தலையாயது புவியீர்ப்பு மையத்தைச் சரிபார்ப்பது. இறக்கையின் முன் விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே, அதாவது 20 சென்டிமீட்டர் இறக்கையில் ஏறத்தாழ ஐந்து முதல் ஆறரை சென்டிமீட்டருக்குள், இரண்டு விரல் நுனிகளை அடியில் கொடுத்துத் தூக்கினால், விமானம் சமமாகவோ, மூக்கு சற்றே தாழ்ந்தோ நிற்க வேண்டும். மாட்டுவண்டி பூட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டிய தேவையில்லை: முன்பாரம் கொஞ்சம் இருந்தால் மாட்டுக்குக் கழுத்து வலிக்கும், அவ்வளவுதான், பின்பாரம் ஏறினாலோ நுகத்தடியே மேலே கிளம்பிவிடும். மூக்குக் கனத்த விமானம் சோம்பேறித்தனமாகப் பறக்கும்; வால் கனத்த விமானத்தில், காற்று ஒரு சிறு தள்ளு தள்ளியதும் மூக்கு மேலே எழும்ப, எழுந்த மூக்கை மேலும் எழுப்புவதாகவே ஒவ்வொரு விசையும் வேலை செய்து, திருத்துவதற்குள் காரியம் மிஞ்சிவிடும். பேட்டரியே விமானத்தின் மிகக் கனமான உறுப்பாதலால், அதை முன்னும் பின்னும் நகர்த்தியே பெரும்பாலும் சமன் செய்துவிடலாம். ஈயத் துண்டைத் தேடுவது கடைசி உபாயம். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்த நுரை விமானத்தின் இறக்கை சத்தமில்லாமல் முறுக்கிக்கொள்ளும் என்பதால், பின்னால் நின்று ஒரு கண்ணை மூடி இரண்டு இறக்கைகளையும் ஒப்புநோக்குவதையும் இச்சோதனையோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது அசையும் பாகங்கள். டிரான்ஸ்மிட்டரின் குச்சியை நாம் எவ்வளவு தள்ளுகிறோம் என்பது, விமானத்துக்குள்ளிருக்கும் சர்வோ என்னும் சிறு மோட்டாருக்கு ஒரு மின்துடிப்பின் நீளமாகப் போய்ச் சேருகிறது: ஒன்றரை மில்லிசெகண்டு என்றால் நடுநிலை, ஒன்று என்றால் ஒரு கோடி, இரண்டு என்றால் மறு கோடி. வழக்கமான சர்வோக்களில் இத்துடிப்பு செகண்டுக்கு ஐம்பது முறை சென்றுகொண்டே இருக்கும். யந்திரம் இவ்வளவு துல்லியமாக இருந்தும், திசை மாறி இணைக்கப்பட்ட ஒரு சர்வோ, சொன்னதை அப்படியே தலைகீழாகச் செய்து விமானத்தை மண்ணில் குத்திவிடும். ஆகவே விமானத்தின் பின்னால் நின்று, குச்சியை வலப்புறம் தள்ளினால் இறக்கை மடல்களாகிய ஏலரான்களில் வலது மேலும் இடது கீழும் போகின்றனவா, தன்பக்கம் இழுத்தால் வாலின் கிடைமடலாகிய எலிவேட்டர் மேலெழுகிறதா, வாலின் செங்குத்து மடலாகிய ரட்டர் சொன்ன பக்கமே திரும்புகிறதா என்று ஒவ்வொருமுறையும் பார்த்துக்கொள்ள வேண்டும். முகப்புப் பக்கம் நின்று பார்க்கிறவருக்கு வலமும் இடமும் மாறித் தோன்றும். விபத்துகளில் ஒரு நல்ல பங்கு அங்கேதான் பிறக்கிறது. பின்னர் டிரான்ஸ்மிட்டரைக் குறைந்த சக்தியில் வைத்து, முப்பது தப்படி நடந்து போய், எல்லாம் கட்டுப்படுகின்றனவா என்று பார்ப்பதும், தொடர்பு அறுந்தால் மோட்டார் தானாக நின்றுவிடுகிறதா என்று சோதிப்பதும் உண்டு.

பேட்டரி விஷயத்தில் வெயில் ஓர் எதிரி. மூன்று அறைகள் கொண்ட லித்தியம் பாலிமர் பேட்டரி முழுமையாக ஏறியதும் 12.6 வோல்ட் காட்டும். 2200 மில்லிஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள ஒன்றிலிருந்து சராசரி 12 ஆம்பியர் எடுத்தால், கணக்குப்படி பதினொரு நிமிஷம் ஓடும். ஆனால் ஐந்தில் நான்கு பங்குக்குமேல் உறிஞ்சினால் பேட்டரி கெடும் ஆதலால், டிரான்ஸ்மிட்டரின் மணியை ஏழு நிமிஷத்துக்கு வைப்பதே விவேகம். முதலில் டிரான்ஸ்மிட்டர், பிறகு விமானம். அணைக்கும்போது முதலில் விமானம், பிறகு டிரான்ஸ்மிட்டர் என்ற வரிசை மாறக் கூடாது. மேசையில் சோதனை நடக்கும்வரை புரொப்பெல்லரை மாட்டாதிருப்பதும், மாட்டியபின் அது சுழலும் தளத்தின் நேரே எவரும் நில்லாதிருப்பதும் விதிகள்.

சட்டத்தின் விதிகளும் உண்டு. 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகள், 25 கிலோகிராமுக்கு மேற்படாமல், கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கண்பார்வைக்குள் பறக்கவிடும் மாதிரி விமானத்தை வகைச் சான்றிதழிலிருந்து விலக்குகின்றன. இரண்டு கிலோகிராமுக்கு உட்பட்டதை வியாபார நோக்கமின்றி இயக்குகிறவருக்கு ஓட்டுநர் சான்றிதழும் தேவையில்லை. அரசின் வான்வெளி வரைபடம் பசுமை என்று குறிக்கும் மண்டலத்தில் 120 மீட்டர் வரை பறக்கலாம். விமான நிலையத்தின் எல்லையிலிருந்து எட்டு முதல் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் அது 60 மீட்டராகக் குறைகிறது. மதுரை விமான நிலையத்தின் அந்த வளையத்துக்கு வெளியே, தெற்கே காரியாபட்டி இருக்கிறது. அங்கிருந்து வடக்கே வலையங்குளம் பக்கம் போனால் கதை வேறு. மற்ற நிபந்தனைகளையும், தடைசெய்யப்பட்ட இடங்களையும் அரசின் வான்வெளி வரைபடத்தில் அன்றன்று பார்த்துக்கொள்வது கடமை. உயரத்தை அளக்கக் கருவி இல்லாதவருக்குக் கண்மாய்க் கரைப் பனைகள் துணை. வளர்ந்த ஐந்தாறு பனைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் வருவது ஏறக்குறைய அந்த 120 மீட்டர்.

முதல் ஏற்றத்தில் இருவர் இருப்பது நலம்: ஒருவர் காற்றை நோக்கித் தரைக்கு இணையாக வீச, மற்றவர் இரண்டு கையும் குச்சிகளில் வைத்தபடி நிற்பார். இருபது முப்பது மீட்டர் உயரம் சேர்த்த பிறகே, விமானம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கவனித்து, டிரிம் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தட்டிக் கைவிட்டாலும் நேரே பறக்கும்படி செய்ய வேண்டும். இறக்கும்போது மோட்டாரை அடியோடு நிறுத்திவிடாமல், தரை நெருங்கும்வரை சிறிது விசை வைத்திருந்தால், வெயிற்காலக் காற்றின் மெலிவை அது ஈடுகட்டும். இறங்கியதும் பேட்டரியைக் கழற்றி, உப்பியிருக்கிறதா என்று தடவிப் பார்த்து, சூடு ஆறிய பின் அறைக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்தி, வெயிலில் நின்ற பைக்கின் பெட்டிக்குள் போடாமல் வீட்டின் நிழலான மூலையில், மண்சட்டிக்குள் வைக்க வேண்டும்.