முதுமையில் நிர்ப்பீடனம் குறைவது ஏன்? ஓமோன்களால் அதனை மீட்க முடியுமா?

2020 ஆம் ஆண்டில் கொவிட்-19 பரவத் தொடங்கியபோது, பேரப்பிள்ளைக்கு இரண்டு நாள் காய்ச்சலாக வந்துபோன நோய் அதே வீட்டிலிருந்த அம்மம்மாவுக்கு உயிராபத்தாக மாறியதுண்டு. வைரசு ஒன்றே; வயதுதான் வேறு. இதற்குக் காரணம் கேட்டால், “முதுமையில் வெண்குருதிக் கலங்கள் குறைகின்றன” என்று மாணவர் பலர் எழுதிவிடுவர். இவ்விடை போதாது. உண்மைக் காரணத்தைப் படிப்படியாகப் பார்ப்போம்.

1. தைமசுச் சுரப்பியின் தொழில்

வெண்குருதிக் கலங்களுள் ஒரு வகை நிணநீர்க்குழியங்கள் ஆகும். அவற்றுள் ரீ கலங்கள், வைரசு புகுந்த உடற்கலங்களை இனங்கண்டு அழிக்கின்றன. பிறபொருளெதிரிகளை உருவாக்கும் பீ கலங்களுக்கும் உதவுகின்றன. ரீ கலங்களின் முன்னோடிகள் என்பு மச்சையில் தோன்றி, மார்பென்பின் பின்னாலுள்ள தைமசுச் சுரப்பியை அடைந்து அங்கே முதிர்ச்சியடைகின்றன. சொந்த உடலையே தாக்கக்கூடியவற்றுட் பெரும்பாலானவை அங்கேயே அழிக்கப்படுகின்றன.

பிறந்தவுடன் தைமசு அகற்றப்பட்ட சுண்டெலிகளில் நிணநீர்க்குழியங்கள் குறைந்து, அவை தொற்றுக்களுக்கு இலகுவில் ஆளாவதை 1961 இல் ஜாக் மில்லர் காட்டினார். அதுவரை இச்சுரப்பியின் தொழில் தெளிவாக அறியப்பட்டிருக்கவில்லை.

2. முதுமையில் நிகழ்வது என்ன?

தைமசு சுருங்கத் தொடங்குவது முதுமையில் அன்று. பூப்படையும் பருவத்தின் பின், அதாவது ஏறத்தாழ உங்கள் வயதிலேயே, அது சுருங்கி வருகின்றது. அதன் இழையத்தின் இடத்தைக் கொழுப்பு படிப்படியாகப் பிடித்துக்கொள்கின்றது.

ஒவ்வொரு ரீ கலமும் ஒரு பூட்டுக்குரிய திறப்பைப் போன்றது. தைமசு சுருங்கினால் புதிய திறப்புகள் வருவது குறையும். உடலோ ஏற்கெனவே உள்ள கலங்களைப் பிரிவடையச் செய்து எண்ணிக்கையைச் சமாளிக்கின்றது. எனவே கொத்தில் திறப்புகள் பல இருந்தாலும் பெரும்பாலானவை ஒரே திறப்பின் பிரதிகளே. புதிய வைரசு என்னும் புதிய பூட்டு வரும்போது பொருத்தமான திறப்பு கிடைப்பது அரிதாகின்றது. முதியோரில் தடுப்பூசிகள் சில குறைந்த பயனைத் தருவதற்கும் இது ஒரு காரணமாகும்.

ஆயினும் வளர்ந்தோரின் தைமசு பயனற்றதன்று. 2023 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், சத்திரசிகிச்சையின்போது தைமசு அகற்றப்பட்ட வளர்ந்தோருள் 8.1% ஆனோர் 5 ஆண்டுகளுள் இறந்தனர். நெஞ்சுப்பகுதியில் சத்திரசிகிச்சை பெற்றும் தைமசு அகற்றப்படாதோரில் இது 2.8% மட்டுமே.

3. ஓமோன்களின் பங்கு

(அ) இலிங்க ஓமோன்கள் தைமசைச் சுருங்கச் செய்கின்றன. விதை அகற்றப்பட்ட எலிகளில் சுருங்கிய தைமசு மீண்டும் பெருக்கின்றது.

(ஆ) கபச்சுரப்பி சுரக்கும் வளர்ச்சி ஓமோன் தைமசின் வளர்ச்சியைத் தூண்டுகின்றது. வயதாகும்போது இதன் சுரப்பும் குறைகின்றது. 1986 இல் கீத் கெலியின் குழுவினர், வளர்ச்சி ஓமோனையும் புரோலற்றினையும் சுரக்கும் கலங்களை வயதான எலிகளில் பதித்தபோது அவற்றின் தைமசு மீளவளர்ந்தது.

(இ) 2019 இல் கிரெகரி ஃபாகியின் குழுவினர் மனிதரில் செய்த சோதனையொன்றின் முடிவை வெளியிட்டனர். 51 முதல் 65 வயதுவரையான 9 ஆண்களுக்கு ஓராண்டு காலம் வளர்ச்சி ஓமோன் வழங்கப்பட்டது. அது குருதி வெல்லத்தை உயர்த்தக்கூடியது என்பதால் மெற்போமின் முதலிய மருந்துகளும் சேர்க்கப்பட்டன. 7 பேரில் தைமசிலிருந்த கொழுப்பின் அளவு குறைந்தது.

4. முடிவை எவ்வாறு எழுதுவது?

9 பேர் என்பது மிகச் சிறிய தொகை. மருந்து பெறாத கட்டுப்பாட்டுக் குழுவும் அச்சோதனையில் இருக்கவில்லை. வளர்ச்சி ஓமோனால் மூட்டுவலி, உடல் வீக்கம் ஏற்படலாம். மறைந்துள்ள புற்றுநோய் தூண்டப்படலாம் என்ற அச்சமும் உண்டு. எனவே “ஓமோன்கள் நிர்ப்பீடனத்தை மீட்கும்” என எழுதுதல் பிழை; “மீட்கக்கூடும்” என எழுதுதலே சரி. விளம்பரத்தை நம்பி எவரும் ஓமோன் ஊசி ஏற்றிக்கொள்ளவும் கூடாது.

பயிற்சி வினாக்கள்

1. ரீ கலங்கள் முதிர்ச்சியடையும் சுரப்பி எது?
2. ரீ கலங்களின் எண்ணிக்கை பெரிதும் குறையாதபோதும் முதியோரின் நிர்ப்பீடனம் குறைவது ஏன்?
3. கட்டுப்பாட்டுக் குழு இல்லாத சோதனையின் முடிவை முழுமையாக ஏற்க முடியாதது ஏன்?