மலை ஓடாது, பென்டாக்ஸ் போதும்

கேமரா வாங்கப் போறேன்னு ஹாஸ்டல்ல யார்கிட்டயாவது சொல்லிப் பாருங்க. கேனானா, நிக்கானா, சோனியா? இந்த மூணு கேள்விதான் வரும். பென்டாக்ஸ்னு சொன்னீங்கன்னா, அது பேனா கம்பெனியாச்சேன்னு சிரிப்பாங்க. ஆனா நீங்க எடுக்கப் போறது பெரும்பாலும் மலை, அருவி, கடல், ராத்திரி வானம்னா, அந்தப் பேரைக் கொஞ்சம் சீரியஸா பார்க்கலாம்.

முதல்ல குறையைச் சொல்லிடறேன். பென்டாக்ஸ் ஒரு பழைய ஜப்பான் பிராண்டு. 2011-லிருந்து ரிக்கோ கையில் இருக்கு. எல்லாரும் மிரர்லெஸ் பக்கம் போன பிறகும், நாங்க டிஎஸ்எல்ஆர்தான் செய்வோம்னு பிடிவாதமா நிற்கிறாங்க. ஓடுற ஆளைத் துரத்திப் பிடிக்கிற ஆட்டோஃபோகஸ் சுமார். வீடியோ அதைவிடச் சுமார். கல்யாணத்துக்கும் கல்ச்சுரல்ஸுக்கும் இதை வாங்கச் சொல்லவே மாட்டேன். ஆனா மலை எங்கேயும் ஓடப் போறதில்ல. ட்ரைபாடில் வைத்து, கையாலேயே ஃபோகஸ் பண்ணி எடுக்கிற படத்துக்கு, மத்த கம்பெனிகள் போட்டி போடுற பாதி வசதி தேவையே இல்லை. அந்தப் பாதிக்கும் சேர்த்துதான் நாம காசு கொடுக்கிறோம்.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் சென்சார். கை நடுக்கத்தைச் சமாளிக்க கேனானும் நிக்கானும் தங்களோட டிஎஸ்எல்ஆர்களில் அந்த ஏற்பாட்டை லென்சுக்குள்ள வைத்தார்கள். பென்டாக்ஸ் 2006-ல் வந்த கே100டி-யிலிருந்தே சென்சாரைக் காந்த விசையால் நகர்த்துது. அதனால 1975-ல் வந்த கே-மவுன்ட்டின் பழைய மேனுவல் லென்ஸைப் போட்டாலும், ஃபோக்கல் லெங்த்தை மட்டும் டைப் பண்ணிட்டா போதும், நடுக்கம் குறையும்.

சென்சாரை நகர்த்த முடியும்னா வேற என்னெல்லாம் செய்யலாம்? சாதாரண சென்சாரில் ஒரு பிக்சல் ஒரே ஒரு நிறத்தைத்தான் பார்க்கும். பாதி பச்சை, கால் பங்கு சிவப்பு, கால் பங்கு நீலம். மீதி நிறங்களைப் பக்கத்து பிக்சலைப் பார்த்து சாஃப்ட்வேர் ஊகிக்குது. பிக்சல் ஷிஃப்ட் மோடில் கேமரா சென்சாரை ஒவ்வொரு பிக்சலாக நகர்த்தி நாலு படம் எடுத்துச் சேர்க்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் மூணு நிறமும் நிஜமாவே கிடைச்சிடும், ஊகம் இல்லை. பாறை, கோயில் சுவர் மாதிரி அசையாத பொருளில் நுணுக்கம் நல்லாவே தெரியும். காத்துல இலை ஆடினா மட்டும் அந்த இடம் சொதப்பும்.

அடுத்தது ஆஸ்ட்ரோட்ரேசர். பூமி ஒரு மணி நேரத்துக்கு 15 டிகிரி சுத்துது. ஃபுல் ஃபிரேமில் 24 எம்எம் லென்ஸ் போட்டு ஏறத்தாழ 20 செகண்டுக்கு மேல ஷட்டரைத் திறந்து வைத்தா, நட்சத்திரம் புள்ளியா இல்லாம கோடா வரும். கே-1-ல் ஜிபிஎஸ் உள்ளேயே இருக்கு. இருக்கிற இடத்தையும் பார்க்கிற திசையையும் வைத்துக் கணக்குப் போட்டு, வானம் நகர்ற மாதிரியே சென்சாரையும் நகர்த்தும். நிமிஷக் கணக்கில் எக்ஸ்போஸ் பண்ணலாம். தரையில் இருக்கிற மரம் அப்போ கலங்கிடும். தரைக்குத் தனியா ஒரு படம் எடுத்து ஒட்டிக்கணும், வேற வழியில்லை.

ஜூலை மாசத்துல வால்பாறை பக்கம் போறவங்களுக்கு இன்னொரு லாபம். ஃபிளாக்‌ஷிப் இல்லாத கே-70-க்குக் கூட தண்ணி, தூசி புகாத சீலிங் உண்டு. ஆனா பாடிக்கு சீல் இருந்து லென்சுக்கு இல்லைன்னா பிரயோஜனமில்லை. லென்ஸ் பேர்ல டபிள்யூஆர்னு இருக்கான்னு பாருங்க.

சிக்கல் எங்கேன்னா, நம்ம ஊர்க் கடைகளில் இதைப் பார்க்கிறதே அபூர்வம். ரிப்பேர்னு வந்தா அலையணும். நண்பர்கிட்ட லென்ஸ் கடன் வாங்கவும் முடியாது. திரும்ப விற்கும்போது வாங்க ஆள் தேடணும். செமஸ்டர் ஃபீஸ் கட்டின பிறகு மிச்சமிருக்கிற காசுல வாங்குறவங்க இதை யோசிச்சே ஆகணும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கினா ஒரு டெஸ்ட் முக்கியம். கே-30, கே-50, கே-70 மாடல்களில் அபெர்ச்சரை இயக்குற சோலனாய்டு மக்கர் பண்ணும், படம் கருப்பா வரும். இது பலருக்கும் தெரிஞ்ச வியாதி. ராத்திரி முழுக்க கேமராவை ஆஃப்லயே வைத்திருக்கச் சொல்லுங்க. காலையில் எஃப்/8-ல் வைத்து, லைவ் வியூ போடாம, முதல் பத்து படம் நீங்களே எடுங்க. ஒண்ணு இருட்டா வந்தாலும் காசை எடுத்துப் பாக்கெட்டில் வச்சிக்கிட்டு வந்துடுங்க.