கூடி விளையாடும் குட்டி மீன்கள்

அழகு மீன் வளர்ப்பு நகரத்தாருக்கு மட்டுமே உரிய பொழுதுபோக்கன்று. தோட்டப்புற வீடுகள் பலவற்றிலும் கண்ணாடித் தொட்டியைக் காண்கிறோம். விடியற்காலையில் பால்மரம் வெட்டச் சென்று திரும்பியவர்கள், மாலையில் பிள்ளைகளோடு அமர்ந்து மீன்களைக் கண்டு களிப்பது நல்ல வழக்கமே. ஆனால், மேல்நீரில் உலவும் வண்ண மீன்களே பெரும்பாலும் நம் கண்ணைக் கவர்கின்றன. அடியில் மணலோடு மணலாகத் திரியும் சிறு மீன்களை நாம் பொருட்படுத்துவதில்லை. 'அழுக்கைத் தின்னட்டும்' என்று அவற்றுள் ஒன்றே ஒன்றை வாங்கி விடுவோரும் உளர். அந்த மீனுக்கு அதனினும் பெரிய துன்பம் வேறில்லை. அது ஏன் என்பதை ஈண்டு விளக்குவோம்.

கெளுத்தி இனத்துக் கோரி

கடைகளில் 'கோரி' என்று விற்கப்படும் மீனின் முழுப்பெயர் கோரிடோராஸ். இது தென் அமெரிக்க ஆறுகளுக்கு உரியது. நாம் அறிந்த கெளுத்தியின் தூரத்து உறவு. நீளம் இரண்டு மூன்று அங்குலமே. செதிலுக்குப் பதிலாக, உடலின் இருமருங்கிலும் எலும்புத் தகடுகள் கவசம்போல் அமைந்துள்ளன. வாயோரத்து மீசைகளால் மணலைத் துழாவி இரை தேடுகிறது. கண்ணைக் கீழ்நோக்கி உருட்டும்போது நம்மைப் பார்த்துக் கண்சிமிட்டுவது போலவே தோன்றும். பிள்ளைகளுக்கு அது பெருவியப்பு.

ஐந்தாறு கோரிகளை ஒன்றாக விட்டால் காட்சியே மாறிவிடும். ஒன்று புறப்பட்டால் மற்றவையும் பின்தொடரும். ஒன்று மற்றொன்றின் விலாவில் இடித்துவிட்டு ஓடும். திடீரென அம்புபோல் மேலெழுந்து, நீர்மட்டத்தில் வாய் வைத்து, மீண்டும் அடிக்கு விரையும். இவை யாவும் வெறும் விளையாட்டுத்தானா?

இடிப்பதன் பொருள்

இல்லை. இந்த இடிப்பு கோரிகளின் மொழி எனலாம். வெண்கல நிறக் கோரிகளைப் பற்றிக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பழகிய மீன்களும் பழகாத மீன்களும் எவ்வாறு ஒன்றிணைந்து இயங்குகின்றன என்பதே அதன் பொருள். ஒன்றையொன்று தொடுவதே கூட்டத்தை இணைக்கும் கருவியாக விளங்குவதை அவர்கள் ஆராய்ந்தனர். கலங்கிய ஆற்று நீரில் கண்ணை மட்டும் நம்பி வாழ இயலாது. இருளில் நடப்போர் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொள்வதைப் போன்றதே இதுவும்.

மேலெழுந்து பாய்வதற்கும் காரணம் உண்டு. கோரி செவுளால் மூச்சு விடுவதோடு, காற்றை விழுங்கிக் குடலின் பின்பகுதியாலும் உயிர்வளியைப் பெறுகிறது. ஆனால், நீர்மட்டத்திற்கு வருவது ஆபத்தானது. மீன்கொத்தும் பறவையின் கண்ணில் பட நேரும். ஆதலால் பல மீன்கள் ஒரே வேளையில் எழுந்து, ஒரே வேளையில் இறங்குகின்றன. பலர் சேர்ந்து செல்லும்போது ஒருவருக்கு நேரும் ஆபத்துக் குறைகிறதன்றோ? தனித்து விடப்பட்ட கோரிக்கு இத்துணை இல்லை. அது மூலையில் ஒடுங்கும். இரை எடுக்கத் தயங்கும்.

அயிரை இனத்துக் 'கூலி'

மற்றொரு மீனைக் கடைக்காரர்கள் 'கூலி' என்பர். இது நாம் வாங்கும் கூலியன்று! ஜாவாத் தீவில் ஆய்வு செய்து, 1821இல் தம் 23ஆம் வயதில் அங்கேயே மறைந்த ஜெர்மானிய விலங்கியலாளர் ஹைன்ரிக் கூல் என்பாரின் நினைவாக இட்ட பெயர் அது. பார்வைக்குப் பட்டை போட்ட சிறு பாம்புபோல் இருப்பினும், இது அயிரையின் குடும்பத்தைச் சேர்ந்த சாதுவான மீனே. இதன் இனத்தவை நம் தீபகற்பத்தின் நீரோடைகளில், உதிர்ந்த இலைகளுக்கிடையே வாழ்கின்றன.

பகலில் இம்மீன்கள் ஒரே பொந்தில் நூற்பந்துபோல் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சுருண்டு கிடக்கும். இருட்டியதும் வெளிவந்து மணலில் நெளிந்து இரை தேடும். ஒன்றை மட்டும் வளர்த்தால் அது தொட்டியில் இருப்பதே தெரியாதவாறு ஒளிந்து கொள்ளும்.

விளையாட்டா, வேதனையா?

மீன் துள்ளுவதெல்லாம் மகிழ்ச்சியாகிவிடாது. கோரிகள் எப்போதாவது மேலெழுவது இயல்பு. ஓயாமல் எழுந்து கொண்டேயிருந்தாலோ, நீரில் உயிர்வளி குறைந்துவிட்டது என்பது பொருள். வெயிலில் வைத்த தொட்டியிலும், மிஞ்சிய உணவு அழுகிய தொட்டியிலும் இவ்வாறு நேரும். அப்போது சிரித்துப் பார்த்திராமல், ஒரு பங்கு நீரை உடனே மாற்றுதல் வேண்டும்.

வளர்ப்போர் கீழ்க்காண்பவற்றை மனத்திற் கொள்வார்களாக:

1. கோரியோ கூலியோ, ஒரே வகையில் ஆறு மீன்களாவது வேண்டும். ஆறுக்கு இடமில்லையெனில் வாங்காதிருப்பதே நன்று.

2. அடியில் மென்மணலைப் பரப்புக. கூரிய கற்கள் மீசையைத் தேய்த்துப் புண்ணாக்கும்.

3. குழாய் நீரை ஒரு நாள் திறந்த வாளியில் வைத்திருந்து, பின்னரே ஊற்றுக. வாரந்தோறும் நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றினால் போதும்.

4. இவை அழுக்கை உண்டு வாழ்பவை அல்ல. அடியில் மூழ்கும் உணவைத் தனியே இடுக. கூலி மீனுக்கு விளக்கணைக்கும் வேளையில் இடுதல் நலம்.

5. கோரியின் துடுப்பு முள் வலையில் சிக்கிக் கொள்ளும். குவளையால் ஏந்திப் பிடிப்பதே தக்க முறை.

6. தொட்டியின் மேல் மூடி இருத்தல் வேண்டும். கூலி மீன் சிறு இடைவெளியிலும் நழுவி வெளியே விழுந்து மாண்டுவிடும்.

இறுதியாக ஒன்று. வளர்க்க இயலாதபோது, இரக்கப்பட்டு மீனை ஆற்றிலோ தோட்டத்துக் கால்வாயிலோ விடலாகாது. தென் அமெரிக்காவிலிருந்து அழகு மீனாக வந்த ஈக்கான் பண்டாராயா இன்று நம் ஆறுகளில் பெருகி, வலை வீசுவோருக்குத் தொல்லையாகிவிட்டதை நாம் அறிவோம். அதுவும் 'தொட்டியைத் துப்புரவு செய்யும்' என்று வாங்கப்பட்ட மீனே. வேண்டாத மீனைக் கடைக்காரரிடமோ, வளர்க்கும் அண்டை வீட்டாரிடமோ ஒப்படையுங்கள். அங்கும் அது தன் இனத்தோடு சேருமாறு பார்த்துக் கொடுத்தல் நம் கடமை.