இலக்கமும் இருப்பும்: தொலைபேசி இலக்கத் தரவுகளின் பராமரிப்புப் பற்றி ஊவாவை முன்வைத்துச் சில குறிப்புகள்

தொலைபேசி இலக்கத்தைச் சமூக ஆய்வுக்குரிய பொருளாக நாம் பொதுவாகக் கருதுவதில்லை. அது பொறியியலாளரின் அலுவல் என்ற எண்ணமே நம்மிடையே நிலவுகின்றது. எனினும், வங்கிக் கணக்குத் திறப்பது முதல் வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தைப் பெறுவது வரை இன்று பெரும்பாலான படிவங்களில் தொலைபேசி இலக்கம் கேட்கப்படுகின்றது. கணினிப் படிவமாயின், தரப்படும் இலக்கம் 'செல்லும்' அல்லது 'செல்லாது' என்று மென்பொருள் கணப்பொழுதில் தீர்ப்பும் வழங்கிவிடுகின்றது. இத்தீர்ப்புக்கு ஆதாரம் யாது, அவ்வாதாரத்தைப் பேணுவோர் யாவர், அது பழுதுறும்போது இழப்பு யாரைச் சாருகின்றது என்னும் வினாக்களை, பதுளைக்கு அண்மையிலுள்ள ஸ்பிரிங்வெளி போன்ற தோட்டப்புறங்களை மனத்திற்கொண்டு இக்கட்டுரையில் நோக்குவோம்.

முதலிற் சொல் வரையறை. இக்கட்டுரையில் 'இலக்கம்' என்பது முழுத் தொடரையும், 'எண்' என்பது அதன் தனி உறுப்பையும் குறிக்கும். உலகத் தொலைபேசி இலக்கங்களின் பொது இலக்கணத்தை ஜெனீவாவிலுள்ள சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஈ.164 எனும் பரிந்துரை வகுத்துள்ளது. அதன்படி நாட்டுக் குறியீடு உட்பட ஓர் இலக்கம் 15 எண்களுக்கு மேற்படலாகாது. நாட்டுக் குறியீடுகள் வலயமுறையில் அமைந்தவை. இந்தியாவுக்கு 91, பாகிஸ்தானுக்கு 92, ஆப்கானிஸ்தானுக்கு 93, இலங்கைக்கு 94 என வருவது அதனாலேயே. இப்பட்டியல் அரசியல் வரலாற்றின் பதிவுமாகும். யூகோஸ்லாவியாவுக்குரிய 38 அந்நாடு சிதைந்தபின் பல மூவெண் குறியீடுகளாகப் பிரிந்தது. 2011இல் விடுதலை பெற்ற தென்சூடான் 211ஐப் பெற்றது. நாடு தோன்றினாலும் மறைந்தாலும் பட்டியல் மாறியாகவேண்டும்.

நாட்டினுள்ளும் இதே நிலைமைதான். இலங்கையில் உள்நாட்டு அழைப்புக்குரிய முன்னெண் சுழியத்தை நீக்கினால் எஞ்சுவன ஒன்பது எண்கள். ஊவா மாகாணத்தில் பதுளைக்கு 055, பண்டாரவளை, அப்புத்தளை, வெலிமடைப் பகுதிகளுக்கு 057. மொனராகலை வேறு மாவட்டமாயினும் பதுளையின் 055ஐயே பகிர்ந்துகொள்கின்றது. மொனராகலை மாவட்டத்துக் கதிர்காமமோ அம்பாந்தோட்டைப் புறத்து 047இன் கீழ் வருகின்றது. ஆகவே, குறியீட்டு எல்லை நிருவாக எல்லையன்று. பரிவர்த்தனை நிலையங்கள் எங்கெங்கு அமைந்து எவ்வாறு இணைக்கப்பட்டன என்பதன் தடமே அது. தோட்டப்புறத்தைப் பொறுத்தவரை, நெடுங்காலம் அவ்விணைப்பு துரை பங்களாவையும் தோட்டக் காரியாலயத்தையும் நோக்கிச் சென்றதேயன்றி லயத்தை நோக்கிச் சென்றதன்று. கம்பியற்ற நிலையான தொலைபேசிகளும் பின்னர் கைபேசிகளும் பரவியபோதே தொழிலாளர் குடும்பங்கள் பெருமளவில் இலக்கமுடையோராயின.

இனி, மென்பொருள் செய்யும் வேலையைக் காண்போம். இத்துறையிற் பெருவழக்கிலுள்ளது கூகிள் நிறுவனம் திறந்த உரிமத்தில் வெளியிட்டுவரும் லிப்ஃபோன்நம்பர் என்னும் நிரற்றொகுதி. ஒவ்வொரு நாட்டுக்கும் நாட்டுக் குறியீடு, முன்னெண், நிலையான தொலைபேசிக்கும் கைபேசிக்கும் கட்டணமற்ற அழைப்புக்கும் உரிய எண் வடிவங்கள், எழுதும்போது இடைவெளி விடும் முறை ஆகியன அதிற் பட்டியலிடப்பட்டுள்ளன. அது வழங்கும் தீர்ப்பில் இரு படிகள் உண்டு. நீளம் பொருந்துமா என்று பார்ப்பது முதற்படி. ஒதுக்கப்பட்ட தொடர்களுள் அடங்குமா என்று பார்ப்பது இரண்டாம் படி. அவ்விலக்கத்தை இப்பொழுது யாராவது பயன்படுத்துகின்றனரா என்பது மூன்றாவது வினா. அதற்கு இப்பட்டியல் விடை கூறாது. எனவே 'செல்லும்' என்பதன் பொருள், நம் கையிலுள்ள பட்டியலோடு அது முரண்படவில்லை என்பது மட்டுமே. 'செல்லாது' என்பதற்கும் அவ்வளவே பொருள். இவ்வுண்மை பயன்படுத்துவோரால் மறக்கப்படுகின்றது. பட்டியலுக்கும் இலக்கத்துக்கும் இடையிலான உறவு, இலக்கத்திலேயே உள்ளுறைந்த குணம்போலத் தோற்றமளிக்கின்றது. மனிதரிடை உறவுகள் பொருள்களிடை உறவுகளாகத் தோன்றும் மயக்கத்தை மார்க்ஸ் 'மூலதனம்' நூலில் விளக்கினார். இங்கு நாம் காண்பதும் அதற்கு உறவான மயக்கமே.

பட்டியலோ ஓயாது மாறுவது. இலங்கையில் 2000களின் முற்பகுதியில், இடக்குறியீட்டை அடுத்து இயக்குநர் நிறுவனத்தைக் குறிக்கும் எண் சேர்க்கப்பட்டு, இடத்துக்கிடம் வேறுபட்ட நீளங்கள் ஏழு எண்களாக ஒருமைப்படுத்தப்பட்டன. இன்று 055ஐ அடுத்து 2 வந்தால் அது ஸ்ரீலங்கா ரெலிகொம் இணைப்பு என்று அறிவது அதனாலேயே. குவைத் 2008 ஒக்டோபரிலும் கட்டார் 2010 யூலையிலும் ஏழெண் இலக்கங்களை எட்டெண்களாக்கின. இந்தியாவில் 7, 8, 9 ஆகியவற்றில் மட்டுமே கைபேசி இலக்கம் தொடங்கும் என்று கொண்டிருந்த நிரல்கள், 2010களின் பிற்பகுதியில் 6இல் தொடங்கும் இலக்கங்கள் வழங்கப்பட்டதும் அவற்றைப் பிழையென்று தள்ளும் நிலைக்கு ஆளாயின. இலக்கம் சரி, அதைக் கொண்டவரும் உள்ளார், பட்டியல்தான் பழையது. ஆயினும் குற்றம் இலக்கக்காரர் தலையில் விழுகின்றது.

இவ்விழப்பு எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. எடுத்துக்காட்டாக ஸ்பிரிங்வெளியில் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்வோம். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ்த் தாயகம் திரும்பிய அத்தையின் பிள்ளைகள் கோத்தகிரியிலிருந்து 91இல் அழைக்கின்றனர். வீட்டு வேலைக்குச் சென்ற மகள் குவைத்திலிருந்து 965இல் அழைக்கின்றாள். கொழும்புக் கடையொன்றில் நிற்கும் மகன் அடிக்கடி கைபேசி மாற்றுகின்றான். மூன்று இலக்கத் திட்டங்களில் சிதறிக் கிடக்கும் குடும்பம் இது. கொழும்பு நடுத்தர வர்க்கத்தவர் ஒருவரின் இலக்கம் தள்ளப்பட்டால் அவருக்கு வேறு முகவரியுண்டு, மின்னஞ்சல் உண்டு, வங்கியில் அறிமுகமானவருண்டு. லயத்துக்கோ தனி வீட்டிலக்கமும் வீதிப்பெயரும் அரிது. கடிதங்கள் தோட்டக் காரியாலயத்தின் வழி கைமாறி வருவதே நெடுங்கால வழக்கம். இந்நிலையில் கைபேசி இலக்கமே அவர்தம் முகவரி. மகள் அனுப்பிய பணத்தைப் பெறுவதற்குரிய இரகசிய எண் வந்து சேரவேண்டிய வாயிலும் அதுவே. அந்த வாயிலைச் 'செல்லாது' என்று அடைப்பது சிறு தொழில்நுட்பக் கோளாறாகாது.

தோட்டத் தொழிலாளரின் வரலாற்றில் இலக்கம் புதிதுமன்று. 1901இல் நடைமுறைக்கு வந்த தகரத்துண்டு முறையின்கீழ், தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டோரிடம் அவர்கள் சேரவேண்டிய தோட்டத்தை இலக்கத்தாற் குறிக்கும் தகர வில்லை கொடுக்கப்பட்டது. வழிச்செலவு அத்தோட்டத்தின் கணக்கிற் பற்றெழுதப்பட்டது. இன்று அழைப்பொன்றைத் தன் இடத்துக்கு ஆற்றுப்படுத்துவது இலக்கம். அன்று மனிதரையே அது ஆற்றுப்படுத்தியது. தோட்டத்தினுள் செக்றோல் எனும் பேர்ப்பதிவு அவர்களைத் தொடர்ந்தது. அளவுக்குக் குறைவாகக் கொழுந்து எடுத்தவருக்கு அதில் விழுவது 'அரைப்பேர்'. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாட்டின் பட்டியலுக்கே புறம்பாக்கியது. நாடற்றவராய் எஞ்சியோருக்கு அவ்வுரிமையை வழங்கும் சட்டம் 2003 வரை தேவைப்பட்டது. தொலைபேசி இலக்கம் தள்ளப்படுவதும் குடியுரிமை பறிக்கப்படுவதும் ஒன்றென நாம் கூறவரவில்லை. முன்னது கவனக்குறைவு, பின்னது திட்டமிட்ட அரசியல். ஆனால், பிறர் எழுதும் பட்டியலில் இடம்பெற்றாலன்றி இருப்பு ஏற்கப்படாது என்ற நிலைமை இம்மக்களுக்கு நன்கு பழக்கமானது. அதனாலேயே பட்டியலின் செம்மை அவர்களைப் பொறுத்தவரை உரிமைப் பிரச்சினையாகின்றது.

பட்டியலைச் செம்மையாக வைத்திருப்பது மனித உழைப்பு. ஒவ்வொரு நாட்டின் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் மாற்றங்களைச் சர்வதேச ஒன்றியத்துக்கு அறிவிக்க, ஒன்றியம் மாதம் இருமுறை வெளியிடும் செயற்பாட்டு இதழில் அவை இடம்பெறுகின்றன. அறிவித்தல் பிந்துவதும் உண்டு. லிப்ஃபோன்நம்பரைப் பேணுவோர் அவ்வறிவித்தல்களைப் படித்து, ஏறக்குறைய இரு வாரங்களுக்கொருமுறை திருத்திய பதிப்பை வெளியிடுகின்றனர். பயன்படுத்துவோரும் பிழை கண்டால் அதிகாரபூர்வச் சான்றோடு அறிவிக்கலாம். இவ்வளவு நடந்தும், திருத்திய பதிப்பைத் தன் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளாது வருடக்கணக்கிற் பழையதையே வைத்திருக்கும் நிறுவனத்தினால் எல்லாம் வீணாகின்றது. புதிய சேவையை விளம்பரப்படுத்துவதில் இலாபமுண்டு. பட்டியலைப் புதுப்பிப்பதில் கண்ணுக்குத் தெரியும் இலாபமில்லை. மூலதனத்தின் கணக்கேட்டிற் பராமரிப்பு எப்பொழுதும் செலவுப் பக்கத்தையே சாரும்.

இயக்குநர் பெயர்களையும் இங்கு நினைவுகூரலாம். எற்றிசலாற் 2018இல் ஹட்சுடன் இணைந்தது. எயார்டெல் லங்கா 2024இல் டயலொக் வசமாயிற்று. 072, 075 எனும் தொடர்கள் அப்படியே இருக்க, உடைமை மட்டும் சில கைகளிற் குவிந்தது. இலக்கத்தைப் பார்த்து நிறுவனத்தைக் கூறும் பழைய பட்டியல்கள் இதனாற் பொய்த்துப்போயின.

பட்டியலை நெகிழவிட்டால் பொய் இலக்கங்கள் புகுந்துவிடும் என்று வாதிக்கலாம். அவ்வச்சம் நியாயமானதே. ஆனால் பொய்யை ஏற்கும் தவறும் மெய்யைத் தள்ளும் தவறும் ஒரே நிறையுடையனவல்ல. பொய் இலக்கத்தை ஏற்றால் நிறுவனத்துக்கு ஒரு குறுஞ்செய்தி வீண். மெய் இலக்கத்தைத் தள்ளினால் ஏழையொருவருக்குப் பணமோ பதிவோ வீண். ஆகவே, நீளம் பொருந்தும் இலக்கத்தைத் தள்ளிவிடாது, 'மீண்டும் பார்க்கவும்' என்று எச்சரித்து ஏற்றுக்கொண்டு, குறுஞ்செய்தி அனுப்பி உறுதிசெய்வதே தக்க முறை. இலக்க ஒதுக்கீட்டில் நேரும் ஒவ்வொரு மாற்றத்தையும், அது நடைமுறைக்கு வருமுன், தமிழ் உட்பட மும்மொழியிலும் கணினி நேரடியாக வாசிக்கத்தக்க வடிவிலும் வெளியிடுவது அரசின் கடமையாகவேண்டும். அப்பட்டியலைப் பயன்படுத்தும் வங்கிகளும் பணப்பரிமாற்ற நிறுவனங்களும் அதனைக் குறித்த காலத்துக்குள் புதுப்பிக்குமாறு சட்டம் கட்டாயப்படுத்தவேண்டும். சாலையும் பாலமும் போலவே இதுவும் பொதுச்சொத்து. பாலம் உடைந்தால் ஆற்றைக் கடக்க முயன்றவரை நாம் குறைகூறுவதில்லை. பாலத்தைப் பேணத் தவறியவரையே கேட்கின்றோம். 'செல்லாத இலக்கம்' என்று திருப்பியனுப்பப்படும் தோட்டத் தொழிலாளியின் சார்பிலும் அக்கேள்வியே கேட்கப்படவேண்டும்.