வேலியில் காய்த்த மருந்து

சிறுமலை அடிவாரத்திலும் வாடிப்பட்டிப் பக்கத்துத் தோட்டங்களிலும் வேலியோரம் பூனைக்காலிக் கொடி படர்ந்து கிடந்தால், தெரிந்தவர்கள் ஒதுங்கித்தான் போவார்கள். காயின் சுணை மேலே பட்டுவிட்டால் சொறிந்து மாளாது. உள்ளே இருக்கும் விதையைச் சித்த மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வருகிறார்கள், பெரும்பாலும் ஆண்மைக் குறைவுக்கு.

1937-ல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் எம். தாமோதரனும் ஆர். ராமசாமியும் இந்த விதையிலிருந்து எல்-டோபா என்ற அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள். பிரிட்டனின் 'பயோகெமிக்கல் ஜர்னல்' இதழில் அது வெளியானது. பொருள் புதிதல்ல, 1913-லேயே ஐரோப்பிய அவரை வகை ஒன்றில் அதைக் கண்டிருந்தார்கள். ஆனால் அது எதற்கு உதவும் என்று சென்னையிலும் தெரியாது, ஐரோப்பாவிலும் தெரியாது. முப்பது வருஷம் கழித்து அதுவே பார்க்கின்சன் நோய்க்கு மருந்தானது; இன்றுவரை தலையாய மருந்தும் அதுதான். இந்தச் சென்னைக் கட்டுரை நம் பாடப்புத்தகங்களில் ஒரு வரியாவது பெற்றிருக்க வேண்டும்.

நோயை முதலில் தெளிவாக விவரித்தவர் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன். 1817-ல் அவர் எழுதியது ஆறே பேரைப் பற்றி. அவர்களில் சிலரை அவர் தெருவில் பார்த்ததோடு சரி. ஓய்வாக இருக்கும்போது நடுங்கும் கை, குனிந்த முதுகு, குறுகிக் குறுகி வைக்கும் அடி. நம் ஊரில் இதை நடுக்குவாதம் என்பார்கள். 'தாத்தாவுக்கு வயசாயிடுச்சு, அதான் கை ஆடுது' என்று வீட்டில் விட்டுவிடுவதும் உண்டு. எல்லா நடுக்கமும் பார்க்கின்சன் அல்ல, நடுக்கமே இல்லாத பார்க்கின்சனும் இருக்கிறது.

நடுமூளையில் 'சப்ஸ்டான்ஷியா நைக்ரா' என்றொரு பகுதி உண்டு. அங்குள்ள செல்களில் கருநிறமி இருப்பதால் வெட்டிப் பார்த்தால் கறுப்பாகத் தெரியும். இந்த நோயில் அது வெளுத்துப்போகிறது என்று 1919-ல் பாரிஸில் ட்ரெட்டியாகோஃப் காட்டினார். அது வெளுத்தால் கை ஏன் நடுங்க வேண்டும்? அந்தக் கேள்விக்கு விடை கிடைக்க இன்னொரு இந்தியச் செடி தேவைப்பட்டது.

அதுதான் சர்ப்பகந்தி. ரத்த அழுத்தத்துக்கு அது கேட்கிறது என்று பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல் 1949-ல் எழுதிய பிறகு உலகமே அந்த வேரின் பக்கம் திரும்பியது. 1952-ல் சுவிட்சர்லாந்தில் அதிலிருந்து ரெசர்பைனைப் பிரித்தார்கள். ஸ்வீடனின் அர்விட் கார்ல்சன் அதை முயல்களுக்குக் கொடுத்தார். முயல்கள் காது தொங்கி, அசையாமல் உட்கார்ந்துவிட்டன. பிறகு டோபாவை ஊசியாகப் போட்டார். கொஞ்ச நேரத்தில் அவை எழுந்து நடமாடின. 1957-ல் வெளியான இந்தச் சோதனைதான் டோபமைன் என்ற மூளை ரசாயனத்துக்கு மரியாதை வாங்கிக் கொடுத்தது. டோபமைனைக் காலிசெய்தது ரெசர்பைன். டோபமைனை உண்டாக்கும் மூலப்பொருள் டோபா. 2000-ல் கார்ல்சனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

1960-ல் வியன்னாவில் ஹோர்னிகீவிச்சும் எரிங்கரும் இறந்துபோன நோயாளிகளின் மூளையில் டோபமைன் வெகுவாகக் குறைந்திருப்பதைக் கண்டார்கள். வெளுத்துப்போகும் அந்தக் கருநிறமிச் செல்கள்தான் டோபமைனை உண்டாக்குபவை. மறுவருஷம் எல்-டோபாவை ஊசியில் ஏற்றியதும் படுக்கையில் கிடந்தவர்கள் சிலர் எழுந்து நடந்தார்கள், சில மணி நேரத்துக்கு. 1967-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ் சிறுகச் சிறுக அளவைக் கூட்டி, வாய்வழியே கொடுத்தே பலன் கண்டார்.

டோபமைனையே நேராகக் கொடுத்தால் என்ன? ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் இருக்கும் தடுப்பை அது தாண்டாது. டோபா தாண்டும். ஆனால் வழியிலேயே டோபமைனாக மாறி வாந்தியைக் கிளப்பும். அதைத் தடுக்கத்தான் மாத்திரையில் கார்பிடோபாவையும் சேர்க்கிறார்கள். சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் போடச் சொல்வதற்கும் காரணம் உண்டு: பருப்பு, முட்டை, கறியின் புரதம் குடலில் டோபாவோடு போட்டியிடும்.

அப்படியானால் பூனைக்காலி விதையையே பொடித்துத் தின்னலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2004-ல் லண்டனில் 8 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 30 கிராம் விதைப்பொடித் தயாரிப்பு சராசரியாக 35 நிமிடத்தில் வேலைசெய்தது; மாத்திரைக்கு 69 நிமிடம் பிடித்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பின்னர் 14 பேரிடம் நடந்த 16 வார ஆய்வில் 7 பேர் பாதியில் நிறுத்திவிட்டார்கள், வயிற்றுக் கோளாறாலும் நோய் கட்டுக்குள் வராததாலும். விதைக்கு விதை டோபாவின் அளவும் மாறும். மதுரை பெரியாஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த மாத்திரை போதாது என்று கூடவே இதையும் விழுங்கினால் இரட்டை மருந்தாகிவிடும்.

வாடிப்பட்டி என்றதும் மேளம் நினைவுக்கு வரும். அதற்கும் இங்கே இடமிருக்கிறது. நடந்துகொண்டே இருப்பவருக்குக் கால் திடீரென்று தரையோடு ஒட்டிக்கொள்வது இந்த நோயின் தொல்லைகளில் ஒன்று. சீரான தாளம் காதில் விழுந்தால் சிலருக்கு அடுத்த அடி வந்துவிடுகிறது. மைக்கேல் தாட் குழு 1996-ல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வாரம் தாளத்தோடு நடந்து பழகியவர்களின் வேகம் கூடியிருந்தது. மூளை உள்ளுக்குள் போட்டுக்கொள்ள முடியாத தாளத்தை வெளியிலிருந்து கொடுக்கிறோம் என்பது விளக்கம்.

மாத்திரையும் தாளமும் செல்கள் சாவதை நிறுத்துவதில்லை. சாகும் செல்களுக்குள் உருண்டைகள் போன்ற படிவுகள் இருப்பதை 1912-ல் ஃபிரெட்ரிக் லெவி விவரித்தார். அவை ஆல்ஃபா-சைனியூக்ளின் என்ற புரதம் மடிப்புக் கெட்டுத் திரண்டவை என்பது 1997-ல்தான் தெரிந்தது. ஜெர்மனியின் ஹைக்கோ பிராக் 2003-ல் இன்னொன்றைச் சொன்னார்: இந்தப் படிவு பலருக்கு நடுமூளையில் ஆரம்பிப்பதில்லை, முகர்வு நரம்புப் பகுதியிலும், குடலோடு இணைந்த வேகஸ் நரம்பின் அடியிலும் முதலில் தென்படுகிறது. கை நடுங்குவதற்குப் பல வருஷம் முன்பே பலருக்கு மோப்பம் மங்குவதும், மலச்சிக்கல் வருவதும், தூக்கத்தில் கனவுக்கேற்பக் கை கால் வீசுவதும் இதோடு பொருந்துகின்றன.

2023-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தண்டுவட நீரைச் சோதித்தபோது, பார்க்கின்சன் நோயாளிகளில் சுமார் 88 சதவீதம் பேரிடம் இந்தக் கெட்ட புரதம் பிடிபட்டது. நடுக்கமே வராத, மோப்பம் மட்டும் குறைந்த சிலரிடமும் பிடிபட்டது. அவர்களுக்கு இன்று கொடுக்க மருந்து எதுவும் இல்லை.