பட்டதாரிப் பொறியியலாளரும் மலைச்சரிவும்

பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்று வெளியேறும் கட்டமைப்புப் பொறியியலாளர் கல்வியை முடித்தவரல்லர். அதன் இரண்டாம் பகுதியைத் தொடங்குபவரே ஆவர். அப்பகுதி வரைபட அறையிலும் வேலைத்தளத்திலும், எல்லாவற்றிற்கும் மேலாக மண்ணின்மீதும் பயிலப்படுவது. இவ்வுண்மையைச் சப்பிரகமுவ மலைச்சரிவுகளைக் கொண்டு விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கேகாலை மாவட்டத்துப் புளத்கொகுபிட்டியவைச் சூழ்ந்த மலைகளில் தேயிலையும் இறப்பரும் செழித்திருக்கின்றன. தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளும் அச்சரிவுகளிலேயே நிற்கின்றன. 2016ஆம் ஆண்டு மே மாத நடுவிற் பெய்த அடைமழையால் அரநாயக்கப் பகுதியிற் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடிற்று. அம்மழையிலேயே புளத்கொகுபிட்டியத் தோட்டமொன்றிலும் லயன் வீடுகள் மண்ணுட் புதைந்து உயிர்கள் மாண்டன. சுவர் உறுதியானதா, தூணிற் கம்பி போதியதா என்னும் வினாக்களுக்கு அங்கு இடமேயில்லை. நிலமே நகருமாயின் அதன்மேல் எவ்வமைப்பும் நில்லாது.

நிலம் ஏன் நகர்கின்றது? சரிவிலுள்ள மண்ணை நிறுத்துவன அதன் துணிக்கைகளுக்கிடையேயுள்ள உராய்வும் பிணைப்புமாம். மழைநீர் உட்புகுந்து இடைவெளிகளை நிரப்புங்கால் மண்ணின் பாரம் கூடுகின்றது; அதேவேளை நீரின் அமுக்கம், துணிக்கைகள் ஒன்றையொன்று அழுத்தும் விசையைக் குறைக்கின்றது. சுமை வளர, தாங்கும் வலிமை தேய்கின்றது. மண்ணின் இத்தகைய இயல்புகளை ஆராய்ந்து உலகறியப் புகழெய்தியவர் நம்மவரான பேராசிரியர் அழகையா துரைராசா. இலங்கைப் பல்கலைக்கழகப் பட்டதாரியான அவர், கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்து, ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் என்போருடன் 1963இல் வெளியிட்ட களிமண் பற்றிய கட்டுரை அத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்றாக மதிக்கப்படுகின்றது. பின்னர் அவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் விளங்கினார்.

இனி, தொழிலின் முதலாண்டுகளிற் பழகவேண்டியவை மூன்று.

முதலாவது, சுமை செல்லும் வழியைக் கையாற் கணித்தறிதல். 125 மில்லிமீற்றர் தடித்த கொங்கிறீற்றுத் தட்டின் ஒரு சதுர மீற்றர் ஏறத்தாழ 300 கிலோகிராம் நிறையுடையது. அந்நிறை தட்டிலிருந்து வளைக்கும், வளையிலிருந்து தூணுக்கும், தூணிலிருந்து அத்திவாரத்துக்கும் இறங்கும் நெறியைத் தாளில் எழுதிப் பழகியவரே கணினி தரும் விடையிற் பிழை காண வல்லவர்.

இரண்டாவது, தளத்தை நேரிற் காணுதல். மலையில் வீட்டுக்கு நிலந் திருத்துவோர் மேற்புறத்தை வெட்டி, அம்மண்ணைக் கீழ்ப்புறத்தில் நிரப்புவர். வெட்டிய பக்கம் இறுகியது. நிரப்பிய பக்கம் காலப்போக்கில் அமிழ்வது. ஒரே கட்டடத்தின் தூண்கள் இரு பக்கத்திலும் ஆழமின்றி ஊன்றப்படின் வளைகளும் சுவர்களும் வெடிக்கும். வரைபடத்திலோ இரண்டும் ஒரே சமதரையாகத் தோன்றும். அவ்வாறே, தாங்குமதிலில் நீர் வடியத் துளைகள் உளவா என்பதையும் நேரிற் பார்த்தல் வேண்டும். மதிலின்பின் 3 மீற்றர் உயரத்துக்கு நீர் தேங்கின், ஒவ்வொரு மீற்றர் நீளத்தையும் நீர் மாத்திரமே ஏறத்தாழ 4½ தொன் விசையுடன் தள்ளும்.

மூன்றாவது, மூத்தோரிடம் ஐயம் வினவுதலும் நாள்தோறும் பதிவேடு எழுதுதலும். 1906இல் தோன்றிய சங்கத்தின் வழிவந்த இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம், பட்டயப் பொறியியலாளர் என்னும் தகுதியைப் பட்டத்துக்காக மாத்திரம் வழங்குவதில்லை. மேற்பார்வையுடன் கூடிய அனுபவத்தையும் ஆராய்ந்த பின்னரே வழங்குகின்றது.

மண்சரிவு அபாயமுள்ள இடங்களிற் கட்டடம் எழுப்புமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீடு பெறப்படல் வேண்டும். அதனைக் கோப்பிற் சேர்க்கும் தாளாகக் கொள்ளாது, ஊன்றி வாசித்து அதற்கேற்ப வடிவமைப்பதே நெறி. சிலவேளைகளில், “இவ்விடத்திற் கட்டலாகாது” என்று துணிந்து கூறுவதே பொறியியலாளர் செய்யும் தலைசிறந்த பணியாகும். இளையவர் அவ்வாறு கூறுதல் எளிதன்று. ஆயினும் அச்சொல்லால் ஒரு குடும்பம் உயிர் பிழைக்கக்கூடும். அதனைச் சொல்லும் அறிவும் துணிவும் பெறும் பொருட்டே முதலாண்டுகளின் உழைப்பெல்லாம் என்பதை, இத்துறையை நாடும் மாணவர் உளங்கொள்வாராக.