வீட்டிலேயே நல்ல இரசம் வைப்போம்

சோற்றோடு குழைத்து உண்ணவும், உணவின் முடிவில் குடிக்கவும் ஏற்றது இரசம். ஆங்கிலேயர் நமது ‘மிளகுத்தண்ணீர்’ என்ற சொல்லையே திரித்து ‘முல்லிகற்றோணி’ என்று தங்கள் சூப் ஒன்றுக்குப் பெயரிட்டனர். போர்த்துக்கேயர் காலத்தில் மிளகாய் இங்கு வந்து சேரும்வரை நமது கறிகளுக்கு உறைப்புத் தந்தது மிளகே. அந்தப் பழைய சுவை இன்றும் இரசத்தில் தங்கியிருக்கிறது.

இதற்கு அதிக பணம் வேண்டியதில்லை. ஐந்து பேருக்குத் தேவையானவை:

பழப்புளி – சிறிய தேசிக்காயளவு
மல்லி – 1 மேசைக்கரண்டி
மிளகு – 1 தேக்கரண்டி
நற்சீரகம் – 1 தேக்கரண்டி
செத்தல் மிளகாய் – 2
உள்ளி – 6 பல்லு
மஞ்சள்தூள் – ¼ தேக்கரண்டி
கறிவேப்பிலை – 1 நெட்டு
தண்ணீர் – 1 லீற்றர்
உப்பு – அளவாக

செய்முறை

1. புளியைச் சிறிதளவு இளஞ்சூட்டு நீரில் கால் மணித்தியாலம் ஊறவிட்டு, கரைத்து வடித்துக்கொள்ளுங்கள். மீதித் தண்ணீரையும் அதனுடன் சேருங்கள்.

2. மல்லி, மிளகு, சீரகம், மிளகாய் ஆகியவற்றைக் கரகரப்பாக இடியுங்கள். கடைசியில் உள்ளியைத் தோலுடன் வைத்துத் தட்டுங்கள். இடம்பெயர்ந்த வேளையில் அம்மியையும் உரலையும் எல்லோராலும் தூக்கிவர முடிவதில்லை. சுத்தமான துணியில் சரக்கை முடிந்து, கழுவிய தட்டைக் கல்லின்மேல் வைத்துத் தட்டினாலும் போதும்.

3. புளித்தண்ணீருக்கு உப்பும் மஞ்சளும் இட்டுப் பச்சை வாடை போகும்வரை கொதிக்கவிடுங்கள்.

4. இடித்த சரக்கையும் கறிவேப்பிலையையும் போட்டு, நெருப்பைக் குறையுங்கள். மேலே நுரை கட்டி வரும்போது இறக்கி மூடிவிடுங்கள். எண்ணெய் இருந்தால் கடுகு தாளித்துச் சேர்க்கலாம்.

சரக்கைப் போட்டபின் ஏன் நெடுநேரம் கொதிக்கவிடக்கூடாது? மிளகு, சீரகத்தின் வாசனை அவற்றிலுள்ள எண்ணெய்ச் சத்திலிருந்து வருகிறது. அது ஆவியோடு போய்விடும். பின்னர் சட்டியில் எஞ்சுவது உறைப்பும் கசப்புமே.

மண்சட்டியே இதற்குச் சிறந்தது. புளியின் அமிலம் அலுமினியத்தை அரிக்கும். அலுமினியச் சட்டிதான் இருக்கிறதென்றால், இரசத்தை அதில் இரவு முழுவதும் வைத்திருக்காதீர்கள்.

மிளகைத் தூளாக வாங்காமல் முழுதாக வாங்குங்கள். பப்பாசி விதை கலந்து விற்பவர்களும் உண்டு. ஒரு பிடியைத் தண்ணீரில் போட்டால் நல்ல மிளகு அடியில் தங்கும். பப்பாசி விதையும் பதரும் மிதக்கும். புளி மலிவாகக் கிடைக்கும் காலத்தில் கோதும் கொட்டையும் நீக்கி, வெயிலில் காயவைத்து, உப்பிட்டு மண்சாடியில் அடைத்தால் நீண்ட நாட்களுக்கு உதவும்.

இங்கே ஒரு விடயத்தை மனதில் இருத்த வேண்டும். இரசம் பசியைத் தூண்டும். ஆனால் பசியைத் தீர்க்கும் சத்து அதில் மிகக் குறைவு. கறி இல்லாத நாட்களில் இரசமும் சோறும் மட்டுமே பிள்ளைகளின் உணவாகிவிடுகிறது. வயிறு நிறைந்தாலும் உடல் வளராது. ஆகவே ஒரு பிடி மைசூர்ப் பருப்பை அவித்து, மசித்து இரசத்துடன் சேருங்கள். இறக்குவதற்குச் சற்று முன் ஒரு பிடி முருங்கையிலையையும் போடுங்கள். அதே சட்டி இரசம் அப்போது சத்துள்ள உணவாகும்.

தடிமன் பிடித்தவருக்குச் சூடான இரசம் இதமளிக்கும். ஆனால் அது மருந்தல்ல. வயிற்றோட்டம் உள்ள குழந்தைக்கு இரசத்தை நம்பியிராமல் ‘ஜீவனி’ கரைத்துக் கொடுங்கள். காய்ச்சல் விடாதிருந்தால் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

விதையிலிருந்து வளரும் புளியமரம் காய்க்கப் பல ஆண்டுகள் செல்லும். விட்டுவந்த வளவில் நின்ற மரத்துக்கு ஈடாக உடனே ஒன்றைப் பெற முடியாது. ஆயினும் கறிவேப்பிலைக் கன்று ஒன்றும் முருங்கைத் தடி ஒன்றும் நடுவதற்குச் சிறு துண்டு நிலம் போதும். மிளகாய்க்கு ஓர் உடைந்த வாளியே போதும். தண்ணீர் குறைந்த இடங்களில் முகங்கழுவும் நீரை அவற்றின் அடியில் விடுங்கள். அடுத்த மாரிக்கு முன் இவற்றில் ஒன்றையாவது நட்டுவிடுங்கள்.